அரசர் என்ற சொல்லுக்கு முன்

யூத வழக்கப்படி, செத்துப்போன எவ்யதாருக்காகத் தன் உடையையும் கிழிக்க வேண்டும். அந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஹெம்தா காலையிலிருந்து அழாமல் இருந்தாள்.

ஜெருசலேம் இடுகாட்டு மண்டபத்தில் பெண்களுக்கான சிறிய அறை. துக்கப்படுபவர்களின் உடையைக் கீறிவிட அடக்கச் சங்கத்திலிருந்து பிரைந்தல் சின்னக் கத்தியோடு வந்திருந்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் ஓஸ்னாத், எவ்யதாரைப் பெற்றவள். அவனுக்கு மூன்று வயதானபோது கணவன் எல்கானாவையும் குழந்தையையும் விட்டுவிட்டு ஹைஃபாவுக்குப் போனவள். அவனுடைய ஆறாவது வயதில் எல்கானாவைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குள் வந்தவள் ஹெம்தா. நேற்று மாலை, யார் வீட்டுக் கூரையிலோ வெந்நீர்த் தொட்டி மாட்டும்போது எவ்யதார் கால் தவறி விழுந்து செத்தான். இருபத்திரண்டு வயது.

"பாரும்மா," என்றாள் பிரைந்தல். "பெத்தவங்க, கூடப் பொறந்தவங்க, புருஷன் பொண்டாட்டி, பிள்ளைங்க. இவங்களுக்குத்தான் கத்தி. நான் போட்ட சட்டமா இது? நீ சின்ன வாழ்த்தைச் சொல்லிக்கோ, போதும்."

மெய்யான நீதிபதி போற்றி. அவ்வளவுதான் சின்னது. முகம் தெரியாத யாரோ செத்தாலும் அதைச் சொல்வார்கள். அதில் ஆண்டவரின் பெயரும் இல்லை, அரசர் என்ற சொல்லும் இல்லை. தன் வீட்டுச் சாவுக்குச் சொல்லும் பெரியதில் இரண்டும் உண்டு. அரசர் என்று சொல்லாத வாழ்த்து வாழ்த்தே அல்ல என்று பள்ளியில் பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பவள் ஹெம்தா.

"பதினாறு வருஷம் நான்தான் வளர்த்தேன்."

"யாரு இல்லேன்னா? கிழிச்சுக்கிட்டவங்க ஏழு நாள் தாழ்ந்த ஸ்டூல்ல உக்காரணும். வர்றவங்களுக்குக் காபி ஊத்த ஒருத்தி வேணாமா?"

"ரபியைக் கேளுங்க. அவர் முடியாதுன்னா ஊத்தறேன்."

பிரைந்தல் கதவைத் திறந்து ஆண்கள் பக்கம் இருந்த யூத குருவிடம் ஆள் அனுப்பினாள். மூவரும் காத்திருந்தார்கள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் ஓஸ்னாத், தரையைப் பார்த்தபடி. "அவன் காபிக்கு சர்க்கரை போடுவானா?"

"மூணு ஸ்பூன். கேட்டா ஒண்ணும்பான்."

"எங்கப்பாவும் அப்படித்தான். திருட்டுப் பய." சிரிக்கப்போன ஓஸ்னாத்தின் வாய் பாதியில் கோணிக்கொண்டது.

அவனுக்கு எட்டு வயதில், இரவுச் சாப்பாட்டு மேஜையில், ஹெம்தா மறுநாள் பாடத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேதத்தில் மோஷேல் என்றால் பலத்தால் ஆள்பவன். மெலெக் என்றால் அரசன். மக்கள் தாங்களாக மனமொப்பி ஏற்றுக்கொண்டால்தான் அவன் அரசன்.

"அப்ப நீ மோஷேல்," என்றான் எவ்யதார், கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே. "உன்னை யாரு ஏத்துக்கிட்டா?"

அம்மா என்று கூப்பிடச் சொல்லி அவள் கேட்கவில்லை. அவனைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. இன்னும் இரண்டு வருடம் 'ஹெம்தா, ஹெம்தா' என்று பேர் சொல்லித்தான் கூப்பிட்டான். பிறகொரு நாள் காய்ச்சலில் படுத்திருந்தவன், அவள் நெற்றியில் போட்ட ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "சரி, நீ மெலெக். இம்மா, தண்ணி குடு." அன்றிலிருந்து அவள் அவனுக்கு இம்மாதான், அம்மாதான்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. பிரைந்தல் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். முகம் இளகியிருந்தது. "மனசு வெந்தவங்க யாரா இருந்தாலும் பெரியதையே சொல்லலாமாம். கிழிச்சுக்கவும் செய்யலாமாம். ஜெயிச்சுட்டேடி கண்ணு."

முதலில் ஓஸ்னாத். பெரியதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பிரைந்தல் வலப்பக்கக் கழுத்தோரம் கத்தியால் கீறிவிட, மிச்சத்தை அவளே கையால் கிழித்தாள்.

பிறகு ஹெம்தா எழுந்து நின்றாள். கத்தி காத்திருந்தது.

"போற்றி, எங்கள் கடவுளாகிய ஆண்டவரே..."

அடுத்த சொல் மெலெக். உலகின் அரசரே.

வாய் திறந்திருந்தது, சொல் வரவில்லை. மோஷேல் என்று இருந்தால் உடனே சொல்லியிருப்பாள். பலம் அவருடையதுதான், எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொண்டாரே, அதை யார் மறுக்க முடியும்? ஆனால் இந்தச் சொல்லுக்கு அவளுடைய மனம் வேண்டும். தன்னை மனமொப்பி ஏற்றவனை வெள்ளைத் துணியில் சுற்றி அடுத்த அறையில் கிடத்தியிருக்கிறார்கள். அவனுக்காகச் சொல்லும் சொல்லில் பொய் கலக்க அவளால் முடியவில்லை.

"சொல்லும்மா," என்றாள் பிரைந்தல். பிறகு பதறிப்போய், "ஐயோ, ஆண்டவர் பேரைச் சொல்லிட்டு நிறுத்திட்டியே! வீணாப் போச்சே. அந்தப் பரிகார வரியையாவது சொல்லு."

அவருடைய மாட்சிமிகு அரசின் பெயர் என்றென்றும் போற்றி. பெயரை வீணாக உச்சரித்தவர்கள் அப்படித்தான் சரிசெய்துகொள்வார்கள். அதிலும் அரசு என்று அதே சொல்லின் வேர் இருந்தது. அந்த வரியைக் கிசுகிசுப்பதுதான் வழக்கம் என்பதால், ஹெம்தாவின் உதடு அசைந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

பிறகு அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சின்னதைச் சொன்னாள். "மெய்யான நீதிபதி போற்றி."

சின்னதுக்குக் கிழிப்பு கிடையாது. பிரைந்தல் கத்தியை மடக்கினாள். "பெரிய மனசுடி உனக்கு. பெத்தவ இருக்கான்னு விட்டுக்குடுத்தே பாரு."

ஓஸ்னாத் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கிழிந்த துணி தோளில் தொங்கியது. "உன் வீட்டுலயே ஏழு நாளும் உக்காரட்டுமா? எனக்கு வேற எங்க போறதுன்னு தெரியல."

"வா," என்றாள் ஹெம்தா. "ஸ்டூல் எடுத்துப் போடறேன்."

வெளியே எவ்யதாரின் பெயரைச் சொல்லி அடக்கத்துக்குக் கூப்பிட்டார்கள். அவள் கை தானாக மேலே போய், கழுத்துப் பொத்தான்களைத் தடவிப் பார்த்தது. மேலிருந்து கீழ்வரை எல்லாம் அப்படியே இருந்தன.