ஊட்டாளுங்க கடைசி

"லைன்ல வாங்க, லைன்ல வாங்க. வெளியூர் ஆளுங்க மொதல்ல, நம்மூரு அடுத்தது, ஊட்டாளுங்க கடைசி."

மோசஸ் கையை வீசி வீசிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். சொந்த அண்ணன் சவப்பெட்டிக்குள் கிடக்கும்போதும், டெலஸ்கோப் பார்க்க வருகிறவர்களை விரட்டும் அதே குரல், அதே வார்த்தை. தரையில் உட்கார்ந்திருந்த முத்தம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆரம்பாக்கம் சர்ச் மைதானத்தின் நடுவில் ஷாமியானா போட்டு, இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்து அதன் மேல் பெட்டியை வைத்திருந்தார்கள். அவள் புருஷன் சாலமோன் சனிக்கிழமை சாயங்காலங்களில் ஊருக்கு வானத்தைக் காட்ட டெலஸ்கோப்பை நிறுத்துவதும் சரியாக இதே இடத்தில்தான். மார்வலி என்று பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனவரை, காலையில் பெட்டியில் வைத்து வேனில் கொண்டுவந்தான் மோசஸ். முத்தம்மா ஓடி வருவதற்குள் கூட்டம் மொய்த்துக்கொண்டது. யார் யாரோ அவளைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்தது பெட்டியின் பக்கப் பலகை மட்டும்தான்.

வரிசையின் தலையில் நின்றிருந்தாள் ஸத்யபாமா டீச்சர். திருவள்ளூரிலிருந்து ரயில் மாறி வந்திருக்கிறாள், கையில் பெரிய ரோஜா மாலை. வேறு யார் இருப்பார்கள்? டெலஸ்கோப் வரிசையிலும் எப்போதும் அவள்தானே முதல்!

"சனி கிரகத்தோட வளையத்த மொதமொதல்ல எனக்குத்தான் காட்டினார்" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லி மூக்கை உறிஞ்சினாள் டீச்சர்.

எனக்குத்தானாம், எனக்குத்தான்! முத்தம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மூர் மார்க்கெட்டில் பொறுக்கிய கண்ணாடிகளை வைத்து அந்தக் குழாயைச் செய்தபோது, விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருந்தவள் அவள். அவளுக்கு ரவிக்கை கிழிந்து தொங்கியபோது அந்தக் குழாய்க்கு உறை தைக்கப் புது ஃபிளானல் வாங்கி வந்தார் மகராசன். வால் நட்சத்திரம் வருகிறது என்று பேப்பரில் போட்டாலும் போட்டார்கள், இந்த மார்கழியில் கும்மிடிப்பூண்டி, எளாவூர், தடா என்று ரயிலேறி வந்தது சனம். அத்தனை பேருக்கும் சுக்குக் காப்பி போட்டாள். வால் நட்சத்திரம் சரியாக அகப்படவில்லை. அதனாலென்ன, வியாழனும் சனியும் இருந்தார்களே. பார்த்தவர்கள் ஒவ்வொருவரும் "அடேயப்பா" என்றார்கள். முதுகுக்குப் பின்னால் கேட்ட ஒவ்வொரு அடேயப்பாவுக்கும் அவளுக்கு வயிறு எரிந்தது.

டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு அவள் போய் நிற்கும்போது வியாழன் பனைமரங்களுக்குக் கீழே இறங்கியிருக்கும். சனி உச்சியில் இருந்தால் கண்ணாடியில் பனி பூத்திருக்கும்.

"நாளிக்கிப் பாக்கலாம் முத்து. வந்தவங்க ரயிலப் புடிக்கணும். நீ எங்க போயிடப்போற? உனுக்கு எப்ப வேணா காட்டலாம்" என்பார் சாலமோன்.

எப்ப வேணா! பன்னிரண்டு மார்கழியாக அந்த எப்ப வேணா வரவே இல்லை. டீச்சரிடம் மட்டும் ராகுவா கேதுவா என்று வாய் ஓயாமல் பேச நேரம் இருந்தது.

பாஸ்டர் மோசஸை ஓரமாக அழைத்தார். "ஆஸ்பத்திரில இருந்து வந்த ஒடம்பு. ரொம்ப நேரம் தாங்காது, தம்பி. ஜனம் பாத்ததும் ஊட்டாளுங்க ஒரு நிமிஷம் பாத்துக்கட்டும், மூடிடலாம்."

பெட்டி செய்த கோபால் சுத்தியலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். முத்தம்மா வரிசையைப் பார்த்தாள். சர்ச் கேட்டைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி ரயில்வே கேட் வரைக்கும் நின்றது. அவள் முறை வருவதற்குள் பெட்டிக்கு மூடி வந்துவிடும். அவளுக்குத் தெரியாதா?

டீச்சர் மாலையைத் தூக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தாள்.

முத்தம்மா எழுந்தாள். தாங்க வந்த கைகளை உதறினாள்.

"நில்லு டீச்சர்."

"அம்மா, நான் மாலைய மட்டும்..."

"நில்லுன்னா நில்லு. எல்லாம் பாத்துட்டீங்களே, இன்னும் இன்னா பாக்கணும்? இன்னிக்கி நான்தான் மொதல்ல."

மோசஸ் பதறிக்கொண்டு ஓடி வந்தான். "அண்ணி, பேஜாரு பண்ணாத. பொட்டி மூடறப்போ ஊட்டாளுங்க பாக்கறதுதான் மொற. அண்ணனே இன்னா சொல்லும்..."

"உங்கண்ணன் சொன்னத கேட்டுக் கேட்டுத்தான் இங்க நிக்கறேன். தள்ளு."

அவன் தள்ளி நின்றான். டீச்சர் தானாகவே இரண்டடி பின்வாங்கினாள்.

முத்தம்மா பெட்டியின் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்தாள். மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். தாடையில் இரண்டு நாள் நரை. டெலஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து இடது கண் எப்போதும் கொஞ்சம் சுருங்கியே இருக்கும், சிரிக்கும்போதுகூட. இப்போது இரண்டு கண்ணும் ஒன்றுபோல் மூடியிருந்தன. அவள் இன்னும் கிட்டே குனிந்தாள்.

வரிசை அசையவில்லை. கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை அழுதது. மெட்ராஸ் பாசஞ்சர் ஊதிக்கொண்டு வந்து நின்று, கிளம்பிப் போனது. அதைப் பிடிக்க யாரும் ஓடவில்லை.

மோசஸ் தொண்டையைச் செருமினான்.

"அண்ணி... பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

"நிக்கட்டும்" என்றாள் முத்தம்மா, நிமிராமல்.

டீச்சர் மாலையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். கோபால் சுத்தியலை மெல்லத் தரையில் வைத்தான்.