மலைக்கு வேண்டிய தாடி

சலூன்காரர் வீட்டு மாடி அறையில் ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. விரல் நீள எஞ்சின், நாலு பெட்டி, தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்டேஷன், அதன் பின்னால் ஒரு மலை. எல்லாம் அவர் கைவேலை. பிளாட்பாரச் சுவரில் மழைக்கறைகூட இருந்தது. புல்லுக்குத்தான் யாருக்கும் வராத யோசனை அவருக்கு வந்தது. கடையில் விழும் நரைமுடியைக் கழுவி, பொடியாக நறுக்கி, பச்சைச் சாயத்தில் ஊறவைத்து ஒட்டினால் அசல் புல் தோற்றது போங்கள்!

யோசனை அபாரம், சரக்குதான் இல்லை. நரைத்தவர்கள் எல்லோரும் கறுப்பு மை பூசிக்கொண்டு இளவட்டமாகத் திரிகிறார்கள். மை ஏறிய அந்த முடியைப் பச்சைச் சாயத்தில் ஊறவைத்து ஒட்டியதில் மலை கத்திரிக்காய் நிறமாகிவிட்டது. அத்தனையையும் சுரண்டி எடுத்தார். மறுநாள் பொம்மை ரயில் கண்காட்சி. அரைகுறை வேலையை மண்டபத்துக்குள் விடமாட்டோம் என்று அதை நடத்தும் சங்கத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு வருஷ உழைப்பு, ஒரு மொட்டை மலையால் வீணாகிவிடும் போலிருந்தது.

வீட்டிலேயே ஒரு வெள்ளைத் தாடி இருந்தது, மாமனாருடையது. நெஞ்சு வரை தொங்கும். ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிற மருமகனின் கத்திரியை மனுஷன் அதில் பட விட்டதே இல்லை. யாருக்காவது அறிமுகப்படுத்தினாலும் “பொண்ணோட வீட்டுக்காரர்” என்பாரே ஒழிய, “என் மாப்பிள்ளை” என்று வாயில் வராது. சலூன்காரருக்கு அது உள்ளூர வலித்தது.

“அப்பா, மேல வந்து ஒரு தடவை பாருங்களேன்,” என்றாள் மனைவி.

“பொம்மை ரயில் பாக்க நான் என்ன பச்சைக் குழந்தையா?” என்றபடியே படியேறினார் பெரியவர். குனிந்தவர் நிமிரவில்லை. “என்ன இது, கூரையில ஓடு உடைஞ்சிருக்கு?”

“நான்தான் உடைச்சேன் மாமா. பழைய ஸ்டேஷனாச்சே.”

“ம்ம். மலை ஏன் மொட்டையா நிக்குது?”

சலூன்காரர் விஷயத்தைச் சொன்னார். மகளின் பார்வை அப்பாவின் தாடியில் போய் நின்றது. பெரியவர் இரண்டு கையாலும் தாடியைப் பொத்திக்கொண்டார்.

“அடிப்பாவி! அப்பன் தாடிக்கே குறி வைக்கிறியா?”

விடுவிடுவென்று கீழே போனார். அவ்வளவுதான் என்று இருவரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினால், கூடத்து நாற்காலியில் கழுத்தைச் சுற்றித் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

“சீக்கிரம் ஆகட்டும். மனசு மாறிடப் போகுது.”

சலூன்காரர் ஒரு முடிகூடத் தரையில் விழாமல் தாடியைக் கத்தரித்து எடுத்தார். வேலை முடிந்ததும் பெரியவர் கண்ணாடி பார்த்தார். “உரிச்ச கோழி மாதிரி இருக்கேன்,” என்றார். அழாத குறைதான்.

மறுநாள் மண்டபத்தில் மலை பச்சைப்பசேலென்று நின்றது. கைக்குட்டையால் முகவாயை மறைத்துக்கொண்டு வந்த பெரியவர், ஸ்டேஷன் பெஞ்சைப் பார்த்ததும் கைக்குட்டையை இறக்கினார். நக அளவு பொம்மைக் கிழவர் ஒருவர் அங்கே ரயிலுக்குக் காத்திருந்தார். நெஞ்சு வரை தாடி, சாயம் படாத சுத்த வெள்ளை.

“இது...”

“கொஞ்சம் எடுத்து வச்சிருந்தேன் மாமா.”

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் யாரோ வந்து, “இதெல்லாம் நீங்க செஞ்சதா?” என்று கேட்டார்.

“மலை மட்டும் என்னோடது,” என்றார் பெரியவர், வெறும் முகவாயைத் தடவிக்கொண்டே. “மத்ததெல்லாம் என் மாப்பிள்ளை செஞ்சது.”