எத்தனை வருஷம் இருந்தால் ஊராள்?

கோப்பிப் பழம் பறித்து முடிந்ததும் கடலுக்கு அக்கரையில் இருந்த தமிழகத்துக்குத் திரும்பும் கூட்டங்கள் அந்த வருஷமும் கண்டியிலிருந்து மாத்தளைப் பாதையில் வடக்கே நடந்தன. கங்காணி ராஜலிங்கத்தின் கூட்டம் அக்குறணைக் கடைத்தெருவைத் தாண்டும்போது, வடிவம்மா தலைச்சுமையை இறக்கிப் பாதையோரம் வைத்தாள். கால் வலிக்கிறதா என்று அவள் புருஷன் செல்லச்சாமி கேட்டான். இல்லை, இதற்கு மேல் நடக்கப் போவதில்லை என்றாள்.

தோட்டத்தில் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும்போதே அவள் இதைச் சொல்லியிருந்தாள். அலுப்பில் பேசுகிறாள் என்றுதான் அவன் நினைத்தான். அவள் அலுப்பில் பேசவில்லை. அக்கரையில் அவர்கள் பண்ணையாட்கள். நிலக்காரர் வீட்டு வாசலில் செருப்பில்லாமல் நின்று பேச வேண்டியவர்கள். இக்கரையில் துரைக்கும் கங்காணிக்கும் கீழே. இரண்டுக்கும் நடுவில் இந்தப் பாதையில் நடக்கும் நாட்களில்தான் யாரும் அவளை ஏவியதில்லை. அப்படியானால் பாதையிலேயே இருந்துவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

கங்காணி திரும்பி வந்து திட்டினான். வேலை தெரிந்த இரண்டு ஆட்களை வழியில் விட்டுவிட்டுப் போனால் அடுத்த வருஷம் துரைக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டான். செல்லச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். அவன் இயல்பிலேயே பயந்தவன். அதட்டலுக்குப் பழகிய உடம்பு. வடிவம்மா மட்டும் சுமையின் மேல் உட்கார்ந்தபடி, கூட்டம் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைத்தெருக் கோடியில் துணிக்கடை வைத்திருந்த முஹ்ஸின் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். பாதையோரமாக அவருக்கு ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. அதில் ஒரு கொட்டில் போட்டுக்கொள்ளச் சொன்னார். நடந்து வரும் கூட்டங்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அப்படித்தான் கஞ்சிக்கடை வந்தது. மாத்தளையிலிருந்து வருபவர்கள் ஈரமும் அட்டைக்கடியுமாக வந்து அங்கே உட்காருவார்கள். வடிவம்மா சூடான கஞ்சியும் சுட்ட மிளகாயும் வைப்பாள். செல்லச்சாமி விறகு பிளப்பான், தண்ணீர் சுமப்பான், பின்பக்கம் வாழையும் இஞ்சியும் நட்டான்.

அடுத்த பறிப்புக் காலத்தில் ராஜலிங்கம் புதிய கூட்டத்தோடு அக்கரையிலிருந்து வந்தான். வடிவம்மாவையும் செல்லச்சாமியையும் தன்னோடு தோட்டத்துக்கு வரச் சொன்னான். வடிவம்மா அவனுக்கும் ஒரு சிரட்டை கஞ்சி கொடுத்தாள். போக மாட்டோம் என்றாள். அவன் நேரே போய் ஆராச்சியிடம் முறையிட்டான். ஆராச்சி அந்தச் சுற்றுவட்டாரத்தின் அரசாங்கத் தலைவர். அவர் சொன்னதுதான் அங்கே சட்டம்.

ஆராச்சி மறுநாள் குடை பிடிக்க ஆள் வைத்துக்கொண்டு வந்தார். அவருக்கு ஓரளவு தமிழ் வரும். அக்கரை ஆட்கள் வேலைக்கு வரலாம், வேலை முடிந்தால் போக வேண்டும், தங்கினால் நாடோடிகள், நாடோடிகளைப் பிடித்து அடைக்கச் சட்டம் இருக்கிறது என்றார்.

“எத்தனை வருஷம் இருந்தா ஊராளுன்னு எடுத்துக்குவீங்க, ஐயா?” என்று வடிவம்மா கேட்டாள்.

ஆராச்சி சிரித்தார். அதற்கெல்லாம் வருஷக் கணக்கு இல்லை, இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றார்.

கடைவாசலிலிருந்து முஹ்ஸின் இறங்கி வந்தார். எங்கள் முன்னோரும் கடல் கடந்து வந்தவர்கள்தானே, இன்று எங்களை யாரும் நாடோடி என்பதில்லையே என்று பணிவாகத்தான் சொன்னார். ஆராச்சிக்கு முகம் சிவந்தது. உங்கள் ஆட்கள் அரசாங்கம் கூப்பிட்டால் பாதை வேலைக்கு வருகிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், அதனால் ஊரார் என்றார். இவன் எந்தக் கல்லை உடைத்தான் என்று செல்லச்சாமியைக் கைநீட்டிக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஊரில் வாழும் ஆண்கள் எல்லோரும் வருஷத்தில் சில நாள் கூலியில்லாமல் பாதை வேலை செய்ய வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். ஊரார் அதைச் சபித்துக்கொண்டே செய்தார்கள். பறையடித்து ஆள் கூப்பிட்ட நாளில் செல்லச்சாமி மண்வெட்டியோடு போய் வரிசையில் நின்றான். வடிவம்மாதான் அனுப்பினாள். பாதை வேலையைக் கண்காணித்த ஓவசியர் அவனைப் பார்த்ததும் வெளியே போகச் சொன்னார். அக்கரைக் கூலிகளுக்குப் பாதை வேலையிலிருந்து விலக்கு உண்டு, உனக்கு என்ன பைத்தியமா என்றார். வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேலை வேண்டாம் என்று ஓடுகிற ஊரில் வேலை கொடு என்று வந்து நிற்பவனை அவர்கள் பார்த்ததில்லை.

அவன் வீட்டுக்கு வந்து மண்வெட்டியை மூலையில் எறிந்தான். இனி என்னை எங்கும் அனுப்பாதே என்றான். பொழுது விடிந்ததும் வடிவம்மாவே சுத்தியலை எடுத்துக்கொண்டு போய், கடைக்கு முன்னால் மழையில் அரித்துக் கிடந்த பாதையோரத்தில் உட்கார்ந்து கருங்கல் உடைக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன் எழுந்து வந்து அவள் கையிலிருந்து சுத்தியலை வாங்கினான். ஓவசியர் குதிரையில் வந்து விரட்டினார். எழுந்து போனார்கள், அவர் போனதும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். குவிந்த கருங்கல் சல்லியை ஓவசியரின் ஆட்களே அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் நிரப்பினார்கள். யார் உடைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் ஆராச்சியின் காதுக்கு எட்டியது. தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அந்த வாரமே பொலீஸ்காரர்கள் வந்து, நாடோடி என்று சொல்லிச் செல்லச்சாமியின் கையைக் கட்டிக் கண்டிக்கு நடத்திப் போனார்கள். வடிவம்மா அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டுப் பின்னாலேயே நடந்தாள். பின்னேரம் முஹ்ஸினும் கடையை மகனிடம் விட்டுவிட்டு மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தார்.

வழக்கு நடந்த நாளில் நீதிமன்றம் நிறைய ஆட்கள். வெள்ளைக்கார நீதவான் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் திருப்பிச் சொன்னார். முஹ்ஸின் சாட்சி சொன்னார். நிலம் தன்னுடையது, இருக்கச் சொன்னது தான், இவனுக்குத் தொழிலும் கொட்டிலும் இருக்கின்றன என்றார். பாதையில் போகிற எவரையும் கேட்டுப் பார்க்கலாம், கஞ்சி குடிக்காதவர் யாருமில்லை என்றார். நீதவான் தலையசைத்தார். தொழிலும் தங்குமிடமும் உள்ளவனை நாடோடி என்று எப்படி அடைப்பது என்று ஆராச்சியைக் கேட்டார்.

ஆராச்சிக்கு எல்லோர் முன்னாலும் அவமானமாகிவிட்டது. எப்படியாவது இவனை உள்ளே தள்ளிவிட வேண்டும் என்ற வெறியில், அப்படியானால் இன்னொரு குற்றம் இருக்கிறது என்றார். இவன் என் பகுதியில் குடியிருக்கிறான். குடியிருப்பவன் செய்ய வேண்டிய பாதை வேலையைச் செய்யவில்லை என்றார்.

மொழிபெயர்ப்பாளர் இரக்கமுள்ள மனிதர். அவர் செல்லச்சாமியின் பக்கம் குனிந்து, நான் அக்கரைக் கூலி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, உனக்கு விலக்கு உண்டு, இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்றார். இல்லாவிட்டால் மறியலில், சிறையில் வைத்துக் கல் உடைக்கவிடுவார்கள் என்றும் சொன்னார்.

செல்லச்சாமி வடிவம்மாவைத் திரும்பிப் பார்த்தான். கூட்டத்தில் நசுங்கி நின்ற அவள் எந்தச் சாடையும் காட்டவில்லை. அவளுக்கும் அந்த நேரத்தில் பயமாக இருந்தது. தன் பிடிவாதம் அவனைச் சிறைக்கு அனுப்பப் போகிறது என்று தோன்றியது. விலக்குக் கேட்டு வந்துவிடு, வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று கத்திவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

அவன் நீதவானை நேராகப் பார்த்தான். கங்காணியையோ துரையையோ அப்படி நிமிர்ந்து பார்த்து அவள் கண்டதில்லை.

“நான் அக்கரை ஆளு இல்லீங்க,” என்றான். “அக்குறணை ஆளு. வேலை செய்யாதது குத்தமின்னா தண்டனை குடுங்க.”

மொழிபெயர்ப்பாளர் ஒருமுறைக்கு இருமுறை கேட்டுவிட்டுத்தான் அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஆராச்சிக்கு அப்போதுதான் தாம் சொன்னதன் அர்த்தம் உறைத்தது. அவசரமாக எழுந்து, உண்மையில் இவன் அக்கரையிலிருந்து வந்தவன்தான் என்று தொடங்கினார். நீதவானுக்கு எரிச்சல் வந்தது. இப்போதுதான் உன் பகுதியில் குடியிருப்பவன் என்றாய், ஒரே வாயால் எத்தனை சொல்வாய் என்று அடக்கிவிட்டு, அக்குறணையில் குடியிருக்கும் செல்லச்சாமி பாதை வேலையைத் தவறவிட்டதற்காக மறியலில் வைத்துக் கல் உடைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்.

வெளியே கொண்டு போகும்போது வடிவம்மா அவன் தோளைத் தொட்டாள். சாப்பாடு எடுத்து வருகிறேன் என்று மட்டும் சொன்னாள். முஹ்ஸின் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். இப்படி ஒரு தண்டனைக்காகச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை என்றார்.

தண்டனை முடிந்து கறுத்து மெலிந்து வந்தவனை ராஜலிங்கம் அதற்குப் பிறகு ஒருநாளும் தோட்டத்துக்குக் கூப்பிடவில்லை. அடுத்த பறையடிப்பில் ஆராச்சியின் ஆள் கொட்டில் வாசலில் வந்து நின்று செல்லச்சாமியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது மற்ற ஊராரைப் போலவே பாதை வேலையைச் சபித்தான்.

ஆராச்சி விடவில்லை. ஒருநாள் அந்த வழியாக வந்தவர் கடை முன்னால் நின்று, உன் புருஷன் ஊராள் ஆகித் தப்பித்துக்கொண்டான், பெண்களைப் பாதை வேலைக்குக் கூப்பிடும் வழக்கம் இல்லை, அதனால் நீ இன்னும் அக்கரைக்காரிதான் என்றார்.

வடிவம்மா அப்போது கொட்டிலின் ஓலைத் தட்டிகளைப் பிடுங்கிவிட்டு மண்சுவர் எழுப்பிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை சேறு. அவள் வேலையை நிறுத்தவில்லை.

“நீங்க கூப்பிடாட்டியும் இங்கதான் இருப்பேன், ஐயா,” என்றாள். “கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சுவருக்கு மண்ணு எடுக்கணும்.”

ஆராச்சி குடைக்காரனைக் கையசைத்துக் கூப்பிட்டுக்கொண்டு, அவள் காட்டிய பக்கமாகத் தள்ளி நடந்து போனார்.