வீட்டை எழுதிக் காட்டிய போன்

அன்று சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு பேர். சன்னலுக்கு முதுகைக் காட்டி லிஃப்ட்காரர். அவருக்கு நேர் எதிரே அவர் மனைவி. வலப்பக்கம் மகள்; பேருந்து ஓட்டுகிறவள், வேலை முடிந்து வந்து சீருடையைக்கூட மாற்றவில்லை. இடப்பக்கம் மனைவியின் தம்பி, போன் பழுது பார்ப்பவன். மேசை நடுவில் அவன் கொண்டுவந்த செருப்புப் பெட்டி. அதற்குள் துணியில் சுற்றிய மூன்று ஸ்மார்ட்போன்கள். ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி.

கூடியதன் நோக்கம், லிஃப்ட்காரருக்கு ஒரு போன் தேர்ந்தெடுப்பது. வேலைக்கும் அதுவே, வீட்டுக்கும் அதுவே. பதினான்கு வருடமாக அவர் சட்டைப்பையில் கிடந்த பட்டன் போன் இனி உதவாது என்று அவரே அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தார். அறிக்கை பொய். போனில் ஒரு குறையும் இல்லை. குறை அவர் காதில்.

நாற்பத்தொரு கட்டிடங்களின் லிஃப்டுகளுக்கு அவர்தான் அவசர ஆள். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அவர் எண்ணுக்குத்தான் மணி அடிக்கும். போனதும் அவர் செய்கிற முதல் வேலை, லிஃப்ட் நிற்கிற மாடிக்கு ஏறி, மூடிய கதவை மூன்று முறை தட்டி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பது. உள்ளேயிருந்து பதில் தட்டு வரும். வராவிட்டால் லிஃப்ட் காலி என்று அர்த்தம். அதன் பிறகு மேலே மோட்டார் அறைக்குப் போய் மின்சாரத்தை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒரு நூலகக் கட்டிடத்தில் அப்படித்தான் தட்டினார். பதில் வரவில்லை. சரியாகச் சொன்னால், அவருக்கு வரவில்லை. மேலே போய் மின்சாரத்தை அணைத்தார். உள்ளே நூலகத்தைப் பெருக்கித் துடைக்கும் அம்மா ஒருத்தி இருந்தாள். பழைய லிஃப்ட், மின்சாரம் போனால் விளக்கும் போய்விடும். இருட்டில் நின்று அவள் கதவைத் தட்டினாள், கத்தினாள், உள்ளே ஒட்டியிருந்த எண்ணுக்குப் பதினொரு தடவை போன் செய்தாள். பதினொரு தடவையும் மணி அவர் சட்டைப்பையிலேயே அடித்தது. இருபது நிமிஷம் கழித்துக் கதவு திறந்தபோது அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. கையை மட்டும் நீட்டிக் காட்டினாள். விரல் முட்டிகள் சிவந்து தோல் உரிந்திருந்தன.

'கைபேசி மணி பழுது' என்று லிஃப்ட்காரர் அறிக்கை எழுதினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். காது போய்விட்டது என்று தெரிந்தால் உதிரிப் பாகங்கள் அடுக்குகிற அறையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். இருபத்தாறு வருடம் ஆட்களை இருட்டிலிருந்து வெளியே கொண்டுவந்த மனிதருக்கு அது பாதி சாவு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் சோற்றை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தான், மொதல் போனைப் பாருங்க," என்றான் தம்பி. "கேமரா மட்டும் நாலு. நிலாவுல இருக்கற பள்ளமெல்லாம் தெரியும்."

"நிலாவுல எவன்டா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டான்?" என்றாள் மனைவி.

"சரிக்கா, இது வேணாம். ரெண்டாவது. பேட்டரி மூணு நாள் நிக்கும். மூணாவது மாடியிலேருந்து விழுந்தாலும் உடையாது."

மகள் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். "கீழ நடந்து போறவன் மண்டைதான் உடையும். மாமா, அப்பாவுக்கு ரெண்டு போன் வேணும். வேலைக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. நான் வீட்டுக்கு வந்தா வேலை போனைப் பீரோவுல வெச்சுடுவேன். டிப்போ மேனேஜர் புடவைக்கு நடுவுல கெடந்து கத்திட்டிருப்பாரு."

"உங்கப்பாவுக்கு வேலை எது, வீடு எது?" என்றாள் மனைவி. " சாப்பிட உக்காந்தாலும் யாராவது ஒருத்தர் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கறாங்க."

லிஃப்ட்காரர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். எதையும் வரிசை போட்டு எழுதிவைத்தால்தான் அவருக்கு மனசு ஆறும். மகள் அதைப் பிடுங்கி உரக்கப் படித்தாள்: "ஒன்று, மணி சத்தமாக அடிக்க வேண்டும். இரண்டு, மிகவும் சத்தமாக அடிக்க வேண்டும். மூன்று, கையுறை போட்டுத் தொட்டாலும் வேலை செய்ய வேண்டும். நான்கு, ஒன்றையும் இரண்டையும் பார்க்கவும்." அவள் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

தம்பி ஒவ்வொரு போனாக மணி அடிக்க வைத்தான். லிஃப்ட்காரர் போனைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த முகங்களைப் பார்த்தார். மகள் காதைப் பொத்தினால், "ம், பரவாயில்ல, நல்லாருக்கு" என்று தலையாட்டினார். இதில் அவர் கைதேர்ந்தவர்.

மூன்றாவது போனின் மூலையில் விரிசல். "இது சும்மா எண்ணிக்கைக்குக் கொண்டாந்தேன் அத்தான். ஒரு வாத்தியாரம்மா வித்தது. அவங்க என்னத்தையெல்லாம் ஏத்தி வெச்சிருக்காங்களோ," என்று சொல்லிக்கொண்டே தம்பி எதையோ தட்டினான். திரை வெள்ளைத் தாள் மாதிரி ஆயிற்று. அதில் கறுப்பு எழுத்துகள் ஓடி வந்து நின்றன:

*என்னத்தையெல்லாம் ஏத்தி வெச்சிருக்காங்களோ*

"அட, பேசறதை எழுதுது!" என்றான். *அட பேசறதை எழுதுது* என்றது போன்.

"மாமா ஒரு டுபாக்கூர்," என்றாள் மகள், சோதித்துப் பார்க்க. அதையும் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியது. தம்பி அதை அழிக்கப் பார்த்தான், முடியவில்லை. "சரி, இது பள்ளிக்கூடத்துக்குத்தான் லாயக்கு," என்று மேசையில் போட்டான். மனைவி தேநீர் போட எழுந்தாள். பின்னாலேயே மகளும் தம்பியும் ஏதோ வழக்கடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனார்கள்.

லிஃப்ட்காரர் தனியாக இருந்தார். போன் இன்னும் விழித்துக்கொண்டிருந்தது.

*தண்ணீர் ஓடுகிறது*

அவர் நிமிர்ந்து பார்த்தார். சமையலறைக் குழாய் அங்கிருந்து தெரியாது.

*பாத்திரம்*

*பறவை*

பறவையா? திரும்பினார். சன்னல் கம்பியில் சாம்பல் நிறத்தில் விரல் நீளக் குருவி ஒன்று. அலகு திறந்தது. திரையில் *பறவை*. மறுபடி திறந்தது. மறுபடி *பறவை*. அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி, இத்தனை நேரம் அது கூவிக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை நாளாக வருகிறதோ! வீடு அமைதியாகிவிட்டது, பிள்ளை வளர்ந்தாயிற்று, நமக்கும் வயதாயிற்று, பேச என்ன இருக்கிறது என்றுதான் அவர் இதுவரை நினைத்திருந்தார். வீடு அமைதியாகவே இல்லை. சந்தைக் கடை மாதிரி அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. அவருக்குத்தான் கடை சாத்தியிருந்தது.

*சிரிப்பு* என்று எழுதியது போன். யாருடையது என்று எழுதவில்லை. அந்த ஒரு சொல்லையே அவர் திரும்பத் திரும்பப் படித்தார்.

கோயிலுக்குள் நுழைகிறவர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வரிகள் ஏறிக்கொண்டே வந்தன. யார் பேசுகிறார்கள் என்ற குறிப்பு இல்லை. இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவருக்குக் குறிப்பு எதற்கு?

*மணி அடிச்சப்ப நம்ம மூஞ்சியப் பாத்துத் தலையாட்டினாரு பாத்தியா*

*நீயே சொல்லிடேன் அக்கா*

*மூணு வருஷமா எதிர்ல எதிர்லயே போய் நின்னு பேசறேன் பின்னாடி நின்னு பேசினா செவிடன் காதுல ஊதின சங்கு*

*ஏம்மா நேரா கேட்டா என்ன*

*அவரா சொல்லட்டும்னு இருக்கேன் அந்த லைப்ரரி அம்மா விஷயத்துக்கப்புறம் தூங்கறதே இல்ல தூக்கத்துல கட்டிலைத் தட்டறாரு மூணு தட்டு தட்டிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காரு*

லிஃப்ட்காரர் நாற்காலிகளைப் பார்த்தார். எதிர் நாற்காலி. எப்போதும் எதிர் நாற்காலி. சன்னலுக்கு எதிரே வெளிச்சம் முகத்தில் விழுகிற இடத்தில்தான் அவள் உட்காருவாள். அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவள். அங்கே இயந்திரங்கள் போடுகிற இரைச்சலில் பெண்கள் உதட்டாலும் கையாலும்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். ஒவ்வொரு வார்த்தையையும் உதட்டில் நிறுத்தி, அவர் பார்க்கிறாரா என்று பார்த்துப் பேசியிருக்கிறாள். வயதாக ஆக இவளுக்கு நிதானம் வந்துவிட்டது என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

தேநீரோடு மூவரும் வந்தார்கள். அவர் போனை மேசை நடுவுக்குத் தள்ளினார். மனைவி படித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஐயோ, இது மூடவே இல்லையா?" என்று தம்பி தலையில் கை வைத்தான்.

"மூணு வருஷமாவா தெரியும்?" என்றார் லிஃப்ட்காரர்.

"எனக்கு மூணு. இவளுக்கு ரெண்டு. இவன் கடைசியாத்தான் கண்டுபிடிச்சான், அவனுக்கு எல்லாமே லேட்டு," என்றாள் மனைவி. கண் கலங்கியிருந்தாலும் உதடு பிசகவில்லை. "உங்களுக்கு எத்தனை?"

"நாலு."

மனைவி அவர் பக்கம் தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தாள்.

தம்பிதான் முதலில் தேறினான். "அத்தான், இனிமே என்ன கவலை? இதைப் பையில போட்டுக்குங்க. அடிச்சா நெஞ்சுல அதிரும், வெளிச்சம் மின்னும். பேசறதைப் படிச்சுக்கலாம். ஆபீஸ்ல யாருக்கும் தெரிய வேணாம். கமுக்கமா இருங்க."

லிஃப்ட்காரரின் முகத்தில் ஆசை வந்ததை எல்லோரும் பார்த்தார்கள். மனைவியும் பார்த்தாள்.

"பேசறதை எழுதும், சரி. தட்டறதை எழுதுமா?" என்று கேட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று தலைகள் போன்மேல் கவிழ்ந்தன.

*கதவு தட்டப்படுகிறது*

"அம்மாடி!" என்றாள் மகள். லிஃப்ட்காரருக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையகலக் கண்ணாடித் துண்டு. அதற்குக் காது உண்டு, கதவுக்கு அந்தப்பக்கம் ஓர் ஆள் நிற்கிறாள் என்று அதற்குத் தெரிகிறது!

ஆனால் மகள் தினமும் அறுபது பேரை ஏற்றி இறக்குகிறவள். நல்ல சாலையை நம்பி வண்டி எடுக்கிறவள் இல்லை. துணி துவைக்கும் இயந்திரத்தை முடுக்கிவிட்டாள், நடுக்கதவையும் சாத்தினாள். "அம்மா, இப்பத் தட்டு!" என்று கத்தினாள்.

*இயந்திரம்*, என்றது போன். *இயந்திரம். இயந்திரம்.* அவ்வளவுதான். உள்ளே அவள் தட்டிக்கொண்டிருந்தாள். போனுக்கும் அது காலி லிஃப்ட்.

லிஃப்ட்காரர் எழுந்தார். நடுக்கதவைத் தாண்டிக் குளியலறைக்கு முன்னால் போய் நின்றார். என்ன தோன்றியதோ, உள்ளங்கையை விரித்துக் கதவின் மேல் வைத்தார். முதலில் இயந்திரத்தின் நடுக்கம், மரம் முழுக்க. அதற்குள்ளே தனியாக, சின்னதாக, இன்னொன்று. ஒன்று. இரண்டு. மூன்று. உள்ளங்கையின் நடுவில், அவள் விரல் முட்டி அங்கேயே படுகிற மாதிரி. இருபத்தாறு வருடமாக அவர் காதைத்தான் நம்பினார். கையை ஒரு நாளும் கேட்டதில்லை. திரும்பத் தட்டினார். பதில் வந்தது. மறுபடியும் தட்டினார், தேவையே இல்லாமல், மறுபடியும் வந்தது.

"போதும், வழி விடுங்க, வேர்க்குது," என்று அவள் உள்ளேயிருந்து கத்தியதை மகள் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

மேசைக்குத் திரும்பியதும் மூன்றாவது போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இதுதான். ஒண்ணே போதும். வேலை ஆள் பேசறதையும் வீட்டு ஆள் பேசறதையும் ஒரே இடத்துல எழுதட்டும்."

"அப்ப ஆபீஸ்ல சொல்லாம…" என்று ஆரம்பித்தான் தம்பி.

"சொல்லணும் மச்சான். போன் பாதி கேக்குது, கை பாதி கேக்குது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஆள் தட்டினா? துணைக்கு ஒரு ஆள் வேணும்; என் காது இப்படின்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்தாத்தான் கதவுல காதை வைப்பான்."

"அந்த வேலையிலேருந்து எடுத்துட்டா?" என்றாள் மனைவி.

"எடுக்கட்டும்." சொல்லிவிட்டாரே தவிர, குரல் இறங்கிப்போயிற்று. அவருக்கே அது கேட்கவில்லை. போன் மட்டும் எழுதியது.

தலைமை அலுவலகம் வேறு ஊரில். அறிக்கைகள் தாளில், தபாலில்தான் போகும். "போன்லயே அனுப்பலாமேப்பா," என்றாள் மகள். "பொய்யைக் கையால எழுதினேன், திருத்தறதையும் கையால எழுதறேன்," என்று கோடு போட்ட தாளை எடுத்தார். மூன்று தாள் கிழிந்தது. நான்காவதில் இப்படி இருந்தது:

"ஐயா, நூலகக் கட்டிடத்து விபத்தில் கைபேசி பழுது என்று நான் எழுதியது உண்மையல்ல. கைபேசி பதினொரு முறை அடித்தது. எனக்குக் கேட்கவில்லை. நான்கு வருடமாக இரண்டு காதும் மந்தமாகி வருகிறது. மறைத்தது என் தவறு. உள்ளே இருந்த அம்மாவிடம் நேரில் போய் இதைச் சொல்லப் போகிறேன். இப்போது பேச்சை எழுதிக் காட்டும் கைபேசி ஒன்று வைத்திருக்கிறேன். கதவில் கையை வைத்து உள்ளே தட்டுவதை அறியவும் முடிகிறது. இவற்றோடு, என் நிலை தெரிந்த ஓர் ஆளைத் துணைக்கு வைத்து, என்னைச் சோதித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சோதனையில் தவறினால் எந்த வேலை கொடுத்தாலும் செய்கிறேன். அதுவரை அவசர அழைப்புகளை வேறொருவருக்கு மாற்றிவிடவும்."

கடைசி வரியை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. மனைவி எதிரே உட்கார்ந்து படித்தாள். ஒரு எழுத்தையும் மாற்றச் சொல்லவில்லை.

மறுநாள் காலை தபால் நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது. கவுண்டரில் இருந்த பெண் ஏதோ கேட்டாள். அவர் போனை அவள் பக்கம் நீட்டினார், அவள் மறுபடி கேட்டாள். *சாதாரணமா பதிவா* என்று அது எழுதியது. "பதிவு," என்றார். "கொஞ்சம் காது கேக்காதும்மா." முன்பின் தெரியாத ஒருவரிடம் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. அவள் தலையாட்டினாள், ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உறையின் ஓரத்தில் பசை தடவி, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அழுத்தி ஒட்டினார். அவள் வாங்கி முத்திரை குத்தி, பின்னால் இருந்த சாக்குப்பையில் போட்டாள்.