முட்டை போடாத டோனட்

தமிழ்மொழியின் தொண்டையில் இரண்டு பக்கமும் சதை வளர்ந்து, எச்சில் முழுங்குவதற்கே அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும் நிலை வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இட்லி இறங்காது. சோற்றைக் குழைத்துக் கொடுத்தால் பாதியைத் துப்பிவிடுவாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையைப் பார்த்து, பால்வாடிக்குப் போகிறதா என்று ஊரில் கேட்பார்கள். கேட்டவர்களை அவள் அப்பன் மாயவன் அப்படியே முறைப்பான். கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டிப் பிழைக்கிற மனுசன் அவன். கையில் சோகை இலை கிழித்தால் உதறிவிட்டு அடுத்த கரும்பைப் பிடிப்பான்; மகள் அழுதால் மட்டும் தானும் சேர்ந்து அழுதுவிடுவான். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

தொண்டையைக் காட்டுவதற்காகக் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனபோதுதான் அந்த டோனட் அவர்கள் வாழ்க்கைக்குள் வந்தது. எதிர்ச்சாரியில் ஒரு பேக்கரி. வாசலிலேயே எண்ணெய்ச் சட்டியை வைத்துக்கொண்டு ஆதிமூலம் மாஸ்டர் டோனட் போட்டுக்கொண்டிருந்தார். ஈரத்துணி போட்டு மூடியிருந்த மாவு வளையங்கள் உப்பி உப்பித் துணியையே தூக்கிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து எண்ணெயில் விட்டால் அது முங்கவில்லை, மிதந்தது. ஒரு பக்கம் சிவந்ததும் குச்சியால் புரட்டினார். அதன் இடுப்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நின்றது. அந்தச் சூட்டோடு சீனியில் புரட்டித் தாளில் வைத்துக் கொடுத்தால், விரல் பட்ட இடம் அமுங்கி மெல்ல எழும்பியது. தமிழ்மொழி பயந்துகொண்டே கடித்தாள். மென்றாள். முழுங்கினாள். கண்ணை மூடவில்லை.

"அப்பா, வலிக்கவே இல்லப்பா!"

மாயவனுக்கு அன்றைக்குக் குலதெய்வமே கண் திறந்த மாதிரி இருந்தது. ஆறிப்போனால் அது வெறும் ரொட்டி, அதையும் அவள் துப்புவாள். சட்டியிலிருந்து எடுத்த சூட்டில்தான் இறங்கும். அதற்காகவே வேலையில்லாத நாளெல்லாம் டவுன் பஸ் ஏறி மகளை அங்கே கூட்டிப்போனான். "டோனட்டு துன்னவா பஸ்ஸு ஏறி போறீங்க, அப்பனும் மவளும்?" என்று ராதிகா கேலி செய்வாள். ஆனால் சீனி பட்டால் பிள்ளைக்கு இருமல் பிடிக்கிறது என்பதும் நிஜம். அதற்காக அவள் திட்டாத நாளில்லை.

கடைசியில் ஆபரேஷன்தான் வழி என்றார்கள். சேலத்திலிருந்து தொண்டை டாக்டர் சனிக்கிழமைகளில் மட்டும் வருவார். நாள் குறித்தது புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. முதல் நாளே ராதிகா மகளோடு ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டாள். மாயவன் விடியற்காலையில் வந்து சேர்ந்தான். தலைக்குக் குளித்து, நெற்றியில் நாமம் போட்டு, மஞ்சள் துண்டு போர்த்தியிருந்தான். புரட்டாசி சனிக்கிழமை விரதத்தை விவரம் தெரிந்த நாளிலிருந்து விட்டவனில்லை. அன்றைக்கு மகளுக்காகவும் சேர்த்து வேண்டிக்கொண்டு வந்திருந்தான்.

"ஆபரேசன் முடியிற வரிக்கும் புள்ள வெறும் வயித்தோட இருக்கணுமாம்யா. நர்ஸம்மா ராத்திரியே சொல்லிட்டாங்க. ஒண்ணும் குடுத்துடாத," என்று ராதிகா சொன்னாள்.

"எங்கிட்டயே சொல்றியா? நானும் விரதந்தான். அப்பனும் மவளுமா இருந்துட்டு போறோம்."

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். மாயவன் வீட்டு விரதம் எப்படிப்பட்டது என்றால், பெருமாளுக்குத் தளிகை போட்டுப் படைக்கிற வரைக்கும் சோற்றில் கை வைக்கக் கூடாது. டீ குடிக்கலாம். பன் தின்னலாம். வாழைப்பழம் தின்னலாம். அதெல்லாம் விரதத்தைக் கெடுக்காது. முட்டையும் கறியும் மட்டும் கனவில்கூட வரக்கூடாது. அவன் அப்பன் அப்படித்தான் இருந்தான், தாத்தன் அப்படித்தான் இருந்தான், ஊரே அப்படித்தான் இருக்கிறது. வெறும் வயிறு என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் அவன் நினைத்தான்.

முதல் ஆளாகத் தமிழ்மொழியைக் கூப்பிடுவதாக இருந்தது. அதற்குள் டிராக்டர் கவிழ்ந்து கால் நசுங்கிய ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மயக்க மருந்து டாக்டர் ஒருத்தர்தான். "மத்தியானம் ஆயிடும் போல," என்று நர்ஸ் டயானா சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். ராதிகா மருந்துச் சீட்டோடு மெடிக்கல் வரிசையில் போய் நின்றாள். மகளும் அப்பனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

பிள்ளை முதலில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஆட்டுவதை நிறுத்தினாள். பிறகு அவன் மடியில் சாய்ந்துகொண்டாள். "பசிக்குதுப்பா" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். உதடு காய்ந்து வெளுத்திருந்தது. வண்டி பார்க்கலாம் வா என்று மாயவன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

எதிரே சட்டி காய்ந்துகொண்டிருந்தது. எண்ணெயும் சீனியும் கலந்த அந்த வாசனை ரோட்டைத் தாண்டி வந்து மூக்கில் ஏறியது. தமிழ்மொழி கேட்கவில்லை. அதுதான் கொடுமை. கேட்டிருந்தால் அதட்டியிருப்பான். அவள் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பி அவன் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், மனுசன் ரோட்டைத் தாண்டிவிட்டான்.

"இன்னாண்ணா, நாமம்லாம் போட்டுக்கினு டோனட்டு துன்ன வந்துட்ட?" என்று சிரித்தார் ஆதிமூலம்.

"முட்டை போட்டதா மாஸ்டர்?"

"நல்லா கேட்ட போ! பொரட்டாசில முட்டை போட்டா எவன் வாங்குவான்? மாசம் பொறந்ததுலேந்து சுத்த சைவந்தான்."

பாருங்கள், கேட்டிருக்கிறான்! விரதத்துக்கு ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்று பொறுப்பாகக் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறான், பாவி.

தமிழ்மொழி கையை நீட்டவில்லை. "அம்மா ஒண்ணும் துன்னக் கூடாதுன்னு சொல்லுச்சுப்பா."

"இது இன்னா சோறா கண்ணு? அமுக்கிப் பாரு, உள்ள வெறும் காத்து. நானும் விரதந்தான், நானும் துன்றேன் பாரு." அவன் ஒன்றை வாங்கிக் கடித்துக் காட்டினான். அதற்குப் பிறகுதான் அவள் வாங்கினாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடைசித் துண்டு வரைக்கும் தின்றாள். பிள்ளை முகத்தில் ரத்தம் ஏறிய மாதிரி இருந்தது. அவன் துண்டு முனையால் அவள் உதட்டுச் சீனியைத் துடைத்துவிட்டான். ராதிகா பார்த்தால் இருமலைச் சொல்லித் திட்டுவாளே என்ற பயம், வேறு எதுவுமில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்து, ராதிகாவும் மருந்தோடு வந்து சேர்ந்து கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. கால் நசுங்கியவனைச் சேலத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். டயானா பச்சை அங்கியோடு வந்து நின்றாள்.

"பாப்பாவ கூட்டிட்டு வாங்கக்கா. எதுவும் குடுக்கலையே?"

"பச்சத்தண்ணி கூட பல்லுல படல நர்ஸம்மா," என்றாள் ராதிகா. அவள் சத்தியமாகத்தான் சொன்னாள்.

மாயவன் பக்கத்திலேயே நின்றான். டோனட் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அது சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது, இதைப் போய்ச் சொல்லி இவளிடம் எதற்கு வாங்கிக் கட்டிக்கொள்வது என்று விட்டுவிட்டான். அட மனுசா, பெண்டாட்டி வசவுக்குப் பயந்தவனே! அந்த ஒரு வசவை அன்றைக்கு நீ வாங்கியிருக்கக் கூடாதா? தமிழ்மொழி அப்பனைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனாள்.

சிறிது நேரத்தில் உள்ளே யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்து மூடியது. மயக்க மருந்து டாக்டர் வெளியே வந்தார். முகக்கவசம் கழுத்தில் தொங்கியது.

"குழந்தைக்கு என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல சார்," என்று ராதிகா எழுந்தாள்.

"பொய் சொல்லாதீங்கம்மா. மயக்கம் குடுத்ததும் வாந்தி எடுத்திருக்கா. எல்லாம் மாவு. மூச்சுக்குழாய்க்குள்ள போய் அடைச்சிருக்கு. என்ன குடுத்தீங்கன்னு சொல்லுங்க!"

ராதிகா பாய்ந்துபோய் டயானாவின் அங்கியைப் பிடித்துவிட்டாள். "எம்புள்ளைக்கு நீ இன்னாடி குடுத்த? நல்லா நடந்து வந்த புள்ளடி!" அந்தப் பிடியில் டயானா ஆடினாள்.

"டோனட்டு சார்," என்றான் மாயவன். எல்லோரும் திரும்பினார்கள். "ஒண்ணே ஒண்ணு. முட்டை போடாதது."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். ராதிகாவின் கை அங்கியிலிருந்து தானாக நழுவியது. அவள் புருசனைப் பார்த்தாள்.

பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகலாம், மூச்சு கொஞ்சம் இருக்கிறது என்றார்கள். ஆம்புலன்ஸ் பின்பக்கம் ராதிகாவும், பையை அமுக்கி அமுக்கிக் காற்றுக் கொடுத்துக்கொண்டு டயானாவும் இருந்தார்கள். மாயவன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தான். தியாகதுருகம் போனது, எலவனாசூர் போனது. கோவிந்தா, கோவிந்தா என்று அவன் உதடு ஓயவில்லை. உளுந்தூர்பேட்டை நெருங்கும்போது பின்னாலிருந்து டயானா கண்ணாடியைத் தட்டினாள். டிரைவர் சைரனை நிறுத்திவிட்டு வண்டியை ஓரம் கட்டினார். லாரிகள் பக்கத்தில் இரைந்துகொண்டு போயின.

மாயவன் இறங்கிப் பின்கதவைத் திறந்தான். ராதிகா மகளை மடியில் போட்டிருந்தாள். டயானா மூலையில் குறுகி உட்கார்ந்து, கையில் அந்தப் பையோடு விம்மிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வராத," என்றாள் ராதிகா.

"ஒரு தடவ தூக்கிக்கிறேன் ராதிகா."

"தொடாத." அவள் குரல் உடையவில்லை. "கேட்டு அழுதாளா?"

மாயவனுக்குப் பொய் சொல்லத் தோன்றியது. முடியவில்லை. "இல்ல. அம்மா வாணாம்னுச்சுன்னு சொன்னா. நான்தான் துன்னச் சொன்னேன்."

ராதிகா மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"எங்கண்ணன் வெற்றிவேலு சேதி கேட்டு இந்நேரம் ஆளுங்கள கூட்டிக்கினு ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பான். கண்ணாடிய ஒடைப்பான். இந்தப் பொண்ணு மேல கை வைப்பான். அதுக்கு முன்னாடி நீ எறங்கணும். நீதான் குடுத்தேன்னு சொல்லணும். புள்ள வாணாம்னு சொன்னா பாரு, அதையும் சொல்லணும். நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

"சொல்றேன்," என்றான் மாயவன்.

டிரைவர் வந்து கதவைச் சாத்தினார். அவன் முன்னால் போய் ஏறினான். வண்டி கள்ளக்குறிச்சிப் பக்கம் திரும்பியது.