இடப்பக்கத் திருப்பம்

பனி போர்த்த கருமலைகள் கடலினின்று செங்குத்தாய் எழுந்து நிற்க, அவற்றின் அடியில் செந்நிற மரவீடுகள் நெருக்கியடித்து ஒண்டியிருக்க, கழிப்பந்தல்களில் தலையிழந்த மீன்கள் வாடைக்காற்றில் உலர்ந்து சலசலக்க, நார்வேயின் வடகோடியில் உள்ள ஸ்கார்வேய்த் தீவு மாசித் திங்களின் ஒரு காலையிலே கண்விழித்தது. துறைமுகக் கண்காணிப்பாளர் கொடியேற்றும்வரை அத்துறையில் ஒரு படகும் அசையாது. கொடி ஏறியதும் நாற்பது படகுகளும் ஒருங்கே புறப்பட்டு, ஞாயிறு செல்லும் வழியே வலப்பக்கம் திரும்பும். இடப்பக்கம் திரும்பும் படகு வீடு சேராது என்பது அத்தீவினரின் உறுதி. கற்றறிந்தோரே, நகைக்கிறீர்களோ? அந்தக் கடலில் ஒரே ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு நகையுங்கள்!

அன்று கொடியேறியதும் புறப்பட்ட படகுகளுள் ஒன்றில் இருந்த மூவருள் தோர்குன் என்பாள் அத்தீவின் நகராட்சித் தலைவி. பிற்பகலில் மன்றத்தில் அமர்பவள், காலையில் மீனவர் எல்லாரையும்போல் வலை இழுப்பாள். அவள் கணவன் எய்லெர்ட் வலையிழுக்கும் பொறியருகே நின்றான். அவன் தம்பி இங்வால்ட் சுக்கானைப் பிடித்திருந்தான்.

நீருள் மறைந்த பார்க்கற்கள் வலப்புறம் நெருங்கியிருந்த இடத்தில் வலையை இழுக்கையில், பக்கவாட்டில் எழுந்த பேரலையொன்று எய்லெர்ட்டை இடப்புறமாய் வாரிச் சென்றது. மிதப்புச் சட்டை அவனைத் தாங்கிற்று. ஆனால் அந்த நீரின் குளிர் ஒரு நாழிகைக்குள் ஆளைக் கொன்றுவிடும்.

"அண்ணன் விழுந்துட்டாரு அண்ணி!"

"இடப்பக்கம் திருப்பு!"

இங்வால்ட்டின் கைகள் சுக்கானிலே உறைந்தன. அவன் தந்தை அறுந்தோடிய மிதவை ஒன்றைப் பிடிக்க முன்னொருமுறை இடப்பக்கம் திரும்பினார். அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை.

"வேணாம் அண்ணி! கல்லைச் சுத்தி வலப்பக்கமாவே போயிடலாம். அப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல?"

"நீ சுத்தி வர்றதுக்குள்ள உங்கண்ணன் செத்துருவாருடா, மடையா! தள்ளு!"

அவன் கையைத் தட்டிவிட்டுத் தானே சுக்கானை இடப்பக்கம் வளைத்தாள். படகு அலைக்கு விலாக் காட்டிச் சாய்ந்து, நடுங்கி, நிமிர்ந்தது. இங்வால்ட் கண்களை இறுக மூடிக்கொண்டான். மறுகணம், "கொக்கியை எடுடா!" என்ற அவள் குரல் கேட்டு விழித்து, ஓடினான். நுரைக்கிடையே செந்நிறச் சட்டையொன்று தோன்றியும் மறைந்தும் மிதந்தது. முதல் வீச்சில் கொக்கி தவறிற்று. இரண்டாவதும் தவறிற்று. மூன்றாவது வீச்சில் கழுத்துப்பட்டையில் மாட்டவே, இருவருமாய் அவனை மீனைப்போல் மேல்தட்டில் இழுத்துப் போட்டனர்.

உதடு நீலமாகிப் பற்கள் அடித்துக்கொள்ள, எய்லெர்ட் கம்பளிகளுள் சுருண்டான். சற்றுப் பொறுத்துத் தம்பியைத் தேடிப் பார்த்தான். தந்தையின் முடிவை அவனும் மறந்தவனல்லன். கரை இன்னும் தொலைவில் இருந்தது.

"எந்தப் பக்கம்டா... திருப்புனீங்க?"

தோர்குன் வாய் திறக்குமுன் இங்வால்ட் முந்திக்கொண்டான்.

"சூரியன் போற பக்கம்தாண்ணே. வேற எப்படித் திருப்புவோம்? பேசாமப் படு."

எய்லெர்ட் பெருமூச்செறிந்து கண்மூடினான். இங்வால்ட் அண்ணியின் முகத்தைப் பாராமல் சுக்கானைப் பற்றினான். அவன் தன் நம்பிக்கையில் ஓர் இம்மியும் விடவில்லை. வரவிருக்கும் கேட்டைத் தான் ஒருவனே சுமப்பது என்று துணிந்து, அண்ணன் அச்சமின்றித் துயிலும்பொருட்டு அப்பொய்யை உரைத்தான். கரை சேரும்வரை தோர்குன் அவன் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை.