ஆரஞ்சுத் தொப்பிச் சங்கம்

பனி ஹாக்கி இல்லாவிட்டால் கனடாவின் சாஸ்கட்டூனில் குளிர்காலம் என்பது வெறும் குளிர்தான். அந்த வருஷம் அக்டோபரில் தொடங்கி நூற்றுப் பன்னிரண்டு நாள் எங்கள் ஊர் அந்த வெறும் குளிரில் கிடந்தது. அணி முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் வரும்படியைப் பங்கு போடுவதில் தகராறு. சொந்த விமானத்தில் பறக்கிறவர்கள், ஆளுக்கு மூன்று கார் மட்டுமே வைத்திருக்கிறவர்களைப் பார்த்துப் பேராசைக்காரர்கள் என்று டிவியில் கண் கலங்கினார்கள். பதிலுக்கு அவர்களும் கலங்கினார்கள். பேச்சுவார்த்தை முறிந்ததும் முதலாளிகள் அரங்கத்தை இழுத்துப் பூட்டிவிட்டுச் சூடான தீவுகளுக்குப் போய்விட்டார்கள். அரங்கத்தில் டிக்கெட் கிழிக்கிறவர்களும் சோளப்பொரி விற்கிறவர்களும் வீட்டுக்கு அனுப்பப்பட்டதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

ஓரெஸ்ட் பாப்யுக் பேசினான். அவன் நகராட்சியில் பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறவன். உள்ளூர் அணியான ஓநாய்களுக்கு இருபத்திரண்டு வருஷமாக, பருவம் முழுக்க எல்லா ஆட்டத்துக்கும் செல்லும் பருவச் சீட்டு வைத்திருந்தவன். அவன் பெண்டாட்டி வெர்னா அதே அரங்கத்தில், கிழக்கு வாசல் உள்ளே, தவறவிட்ட பொருள் மேசையில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருந்தவள். அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேட்ட அன்று, ஓரெஸ்ட் டோனட் கடையில் நாற்காலி மேல் ஏறி நின்றான். ஆட்டம் திரும்பி வந்தாலும் அந்தப் பருவம் முழுக்க அரங்க வாசலை மிதிப்பதில்லை என்று சத்தியம் செய்தான். தன் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னான். கடையே கைதட்டியது. 'திரும்ப மாட்டோம் சங்கம்' அன்றைக்கே பிறந்தது.

பொழுது போகாத ஊரில் சங்கத்துக்கா ஆள் கிடைக்காது? ஒரே வாரத்தில் நாற்பத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். டிராக்டர் விற்கும் டெல்மர் பொருளாளர். தேவாலயப் பாட்டுக்குழுவில் பாடும் கஸ்தோன் செயலாளர். தலைவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சுக் கம்பளித் தொப்பி வாங்கினார்கள். மான் வேட்டைக்காரர்கள் போடுவார்களே, அரை மைல் தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும், அந்த ஆரஞ்சு. நாற்பத்து மூன்று ஒரே நிறத் தொப்பிகள் டோனட் கடைக் கொக்கியில் தொங்கினால் யாருடையது யாருக்குத் தெரியும்? வேலையில்லாமல் வீட்டிலிருந்த வெர்னா ஒவ்வொரு தொப்பிக்குள்ளும் ஒரு துணிப்பட்டை வைத்துப் பெயர் தைத்துக் கொடுத்தாள். ஓரெஸ்டின் பெயரை மட்டும் சிவப்பு நூலில் தைத்தாள்.

சங்கத்தின் பேட்டி உள்ளூர் டிவியில் வந்தது. "முதுகெலும்பு இருக்கறவன் எவனும் உள்ள போகமாட்டான்" என்று ஓரெஸ்ட் கேமராவைப் பார்த்துச் சொன்னான். அதை அவனே பதிவு செய்து பதினான்கு தடவை பார்த்தான்.

ஜனவரியில் சமாதானம் ஆயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் முதல் ஆட்டம். அரங்கப் பணியாளர்களை ஒரே நாளில் திரும்பக் கூப்பிட்டார்கள். பனித்தளத்தில் நீல எழுத்தில் 'ரசிகர்களே நன்றி' என்று எழுதினார்கள், சின்னச் சோளப்பொரிப் பொட்டலம் இலவசம் என்றார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் பணியாளர்கள் 'திரும்பி வந்ததற்கு நன்றி' என்று சொல்ல வேண்டும், சொல்லாதவர் பெயர் குறித்துக்கொள்ளப்படும் என்று உத்தரவு வந்தது. அதே பணியாளர்களும்தான் திரும்பி வந்திருந்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல யாருக்கும் உத்தரவு வரவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது வெர்னா ஒரு பந்தயத்தைப் பற்றிச் சொன்னாள். மேற்கு வெளிவாசலில் டிக்கெட் பார்க்கிற இலோனா அவளைச் சீண்டியிருக்கிறாள்: உன் வீட்டுக்காரன் சங்கமும் வைப்பான், முதல் ஆளாக வரிசையிலும் நிற்பான் என்று. அந்த வெளிவாசல் எங்கள் ஊரில் பெயர்பெற்றது. கதவு மூடவே மூடாது. காற்று ஆற்றிலிருந்து நேராக எழும்பி வந்து எலும்பைத் தொடும். பேச்சு முற்றி, ஓரெஸ்ட் வந்துவிட்டால் பிப்ரவரி முடியும் வரை வெளிவாசலில் இலோனாவுக்குப் பதில் தானே நிற்பதாக வெர்னா சொல்லிவிட்டாள். வராவிட்டால் அவளுடைய சூடான மேசைக்கு வேண்டிய காப்பியை அதே காலம் முழுக்க இலோனா கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

"இப்படி எதுக்குப் பந்தயம் கட்டினே?" என்றான் ஓரெஸ்ட். கையிலெடுத்த பெரோகிக் கொழுக்கட்டையைத் தட்டிலேயே திரும்ப வைத்தான்.

"நீ அவசரக்காரன், வாய் நீளம், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா எனக்காகச் சொன்ன சொல்லை நீ மாத்த மாட்டே. அதையேதான் அவகிட்டயும் சொன்னேன்."

அவன் தலையை ஆட்டினான். பனி வண்டியின் முன்பெட்டிக்குள், கையுறைக்கு அடியில், திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்ன பருவச் சீட்டு பத்திரமாக இருந்தது. அதைக் கொடுத்திருந்தால் மறுபடி கிடைக்கப் பதினோரு வருஷம் காத்திருக்க வேண்டும். அவ்வளவு பெரிய தியாகம் செய்ய அவன் என்ன முட்டாளா?

சனிக்கிழமை நாலு மணிக்கு வெர்னா வேலைக்குக் கிளம்பினாள். வீட்டிலேயே இருப்பேன், டிவியைக்கூடப் போடமாட்டேன் என்று அவன் சொன்னதைக் கேட்டு, போகும்போது அவன் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஐந்து மணிக்கு ஓரெஸ்டுக்கு ஒரு யோசனை வந்தது. சங்கத்தின் நாற்பத்திரண்டு பேரும் சொல் தவறாமல் இருக்கிறார்களா என்று யார் பார்ப்பது? தலைவர்தானே பார்க்க வேண்டும்? அரங்கத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தி, உள்ளே போகிறவர்களைக் கண்காணித்துப் பெயர் எழுதிக்கொண்டு வந்துவிடலாம். இது ஆட்டத்துக்குப் போவது ஆகாது. இது கடமை.

வெளியே மைனஸ் இருபத்தொன்பது. வருகிறவன் போகிறவன் எல்லாம் கண் மட்டும் தெரியும்படி சுற்றிக்கொண்டு வந்தான். பத்து நிமிஷம் பார்த்தும் ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. முகம் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் சால்வையை அவிழ்க்கிற இடத்துக்கு, அதாவது உள்ளே, போக வேண்டும். கிழக்கு வாசலில் வெர்னா இருக்கிறாள். அதனால் மேற்கு வாசல். ஆரஞ்சுத் தொப்பியைக் கோட்டுப் பைக்குள் திணித்து, சால்வையை மூக்கு வரை ஏற்றிக்கொண்டான். வெளிவாசலில் நடுங்கிக்கொண்டு நின்ற இலோனா அவன் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"திரும்பி வந்ததுக்கு நன்றி, சார்" என்றாள்.

அந்தச் சொல் கேட்டதும் அவனுக்கு உச்சந்தலை கூசியது. கூசினாலும், பொய் சொல்வானேன், கொஞ்சம் இனிக்கவும் செய்தது. அடுத்து, நடைவழியில் நின்றபடி கண்காணித்தால் இடிக்கிறார்கள் என்று தன் பழைய இருக்கையில் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகு கண்ணை மூடிக்கொள்ளவா முடியும்? வெட்டுப்பட்ட பனியின் வாசனை வந்தது. ரப்பர் வட்டு பலகைச் சுவரில் மோதுகிற அந்த வறட்டுச் சத்தம் கேட்டது. நூற்றுப் பன்னிரண்டு நாள் பசி ஒன்றாகச் சேர்ந்து எழுந்தது. இலவசச் சோளப்பொரியையும் வாங்கித் தின்றான்.

பிரான்டல் என்ற இளம் ஆட்டக்காரன் அன்றைக்கு மனிதனாக ஆடவில்லை. முதல் சுற்றில் ஒரு கோல், இரண்டாவதில் ஒன்று. மூன்றாவது சுற்று முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது, இரண்டு பேரைச் சுற்றிக்கொண்டு வந்து, கோல் காவலனின் தோளுக்கு மேலே மூன்றாவதையும் சொருகினான்.

ஒரே ஆள் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்துவிட்டால் தலையிலிருக்கும் தொப்பியைக் கழற்றித் தளத்தில் வீச வேண்டும். எங்கள் ஊரில் நடக்கக் கற்றுக்கொள்ளும் குழந்தைகூட இதை அறியும். யோசித்துச் செய்கிற காரியமில்லை இது, கை தானாகச் செய்துவிடும். ஓரெஸ்டின் கை கோட்டுப் பைக்குள் போனதும், வெளியே வந்ததும், சுழற்றி எறிந்ததும் அவனுக்குத் தெரியாது. முன்பின் தெரியாத ஒரு தடியனைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தான்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டுத் தளத்தைப் பார்த்தான். கறுப்பும் நீலமுமாக விழுந்து கிடந்த நூற்றுக்கணக்கான தொப்பிகளுக்கு நடுவே, 'ரசிகர்களே நன்றி' என்ற எழுத்தின் மேலேயே, ஒரு ஆரஞ்சுத் தொப்பி. அப்போது மேல் அடுக்கிலிருந்து இன்னொரு ஆரஞ்சு பறந்து வந்து விழுந்தது. வலது மூலையில் ஒன்று. எதிர்ப்பக்கம் ஐந்தாறு சேர்ந்தாற்போல. இருபது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அவனுக்கு வந்த கோபம் நிஜமான கோபம். ஒரு சொல்லைக் காப்பாற்றத் தெரியாத ஜென்மங்கள் என்று பல்லைக் கடித்தான். தளம் கூட்டுகிறவர்கள் பெரிய மண்வாரிகளோடு வந்து தொப்பிகளை மூட்டையில் அள்ளிக்கொண்டு கிழக்குப் பக்கம் போனபோதுதான், அந்த மூட்டை யாருடைய மேசைக்குப் போகும் என்பது அவன் புத்திக்கு எட்டியது.

வெர்னா வீடு திரும்பும்போது அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவள் நம்பும்படியான குறட்டை. ஞாயிற்றுக்கிழமை காலை அவன் கண் திறந்தபோது, மூட்டைகளைப் பிரித்து அடுக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு அவள் போயிருந்தாள்.

பத்து மணிக்குச் சங்கக் கூட்டம். மைனஸ் முப்பத்தொன்று. டோனட் கடைக்குள் நுழைந்த ஓரெஸ்ட், கொக்கி வரிசையைப் பார்த்தான். கோட்டு, கோட்டு, கோட்டு. ஒரு தொப்பி கிடையாது. உள்ளே நாற்பது பேர் வெறுந்தலையோடு, வெந்த பீட்ரூட் நிறத்தில் காதுகளை வைத்துக்கொண்டு காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் கண்ணுக்குக் கண் பார்க்கவில்லை. தன் தொப்பியை நாய் கடித்துவிட்டதாக டெல்மர் கேட்காமலே சொன்னான். அவன் வீட்டில் நாய் இல்லை. துவைத்துப் போட்டிருக்கிறேன் என்றான் கஸ்தோன்.

கூட்டம் முறைப்படி நடந்தது. நேற்று அரங்கத்துக்குப் போன முதுகெலும்பில்லாத ரசிகர்களைக் கண்டித்து ஓரெஸ்ட் ஒரு தீர்மானம் வாசித்தான். கஸ்தோன் வழிமொழிந்தான். எல்லாக் கையும் உயர்ந்தது.

கைகள் இறங்குவதற்குள் கதவு திறந்தது. வெர்னா ஒரு பெரிய மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். அதை மேசைமேல், தீர்மானத்தின் மேலேயே, வைத்தாள்.

"தவறவிட்ட பொருள் மேசைக்கு நாப்பத்தொரு ஆரஞ்சுத் தொப்பி வந்திருக்கு. உரிமைக்காரங்க அடையாளம் சொல்லி வாங்கணும்ங்கிறது விதி. நான் அடையாளம் கேக்கல. பேரு நான்தானே தச்சேன்."

ஒவ்வொரு பெயராகப் படித்தாள். ஒவ்வொருவராக எழுந்து வந்து, நற்கருணை வாங்குகிற மாதிரி தலை குனிந்து வாங்கிக்கொண்டு போனார்கள். நாற்பத்து மூன்றில் விட்டுப்போனவர்கள் இரண்டே பேர். ஒருவர் இடுப்பு ஒடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். இன்னொருவரும் ஆட்டத்துக்குப் போனவர்தான், தொப்பியை வீச மனம் வராத கஞ்சர். மற்றவர்களின் தொப்பிகள் பறந்ததைப் பார்த்திருந்தவர், தான் மட்டும் அன்றைக்குத் தொப்பியோடு வரப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டார்.

மூட்டையில் கடைசியாக ஒன்று மிஞ்சியது. சிவப்பு நூல்.

"வெர்னா, நான் உளவு பாக்கத்தான் போனேன்" என்றான் ஓரெஸ்ட்.

"உளவு பாக்கப் போனவன் தொப்பிய வீசுவானா?"

அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"மூணாவது கோல் நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு" என்றான். அந்த வாரத்தில் அவன் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"எனக்குத் தெரியல. அந்த மேசைலேர்ந்து தளம் தெரியாது. பத்தொம்பது வருஷமா சத்தம் மட்டும்தான் கேக்குறேன்." தொப்பியை எடுத்துத் தன் தலையில் காது மறையும்படி இழுத்துவிட்டுக்கொண்டாள். "இத நானே வச்சுக்கறேன். பிப்ரவரி முடிய வெளிவாசல்ல நிக்கணும்."

காலி மூட்டையை மடித்து எடுத்துக்கொண்டு அவள் போனாள். அப்புறம் டெல்மர் தொண்டையைச் செருமிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை ஆட்டம் யாரோடு என்று மெதுவாகக் கேட்டான். அது தெரியாதவன் ஒருத்தன்கூட அங்கே இல்லை.

ஓரெஸ்ட் போகக் கூடாது என்றுதான் நினைத்தான். திங்கட்கிழமை முழுக்க நினைத்தான், செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை நினைத்தான். தொப்பி வாங்கக்கூட வெட்கப்பட்டுக்கொண்டு வெறுந்தலையோடு மேற்கு வரிசையில் நின்றான். பின்னால் சங்கத்துப் பொருளாளரும் செயலாளரும் நின்றார்கள். கிழக்கு வாசல் வழியாகப் போயிருக்கலாம். ஆனால் அங்கே மேசையில் இப்போது, அவன் வருவான் என்று பந்தயம் கட்டி ஜெயித்த இலோனா இருந்தாள்.

வெளிவாசலில் காற்று ஊளையிட்டது. ஆரஞ்சுத் தொப்பிக்குக் கீழே வெர்னாவின் இமையில் பனி கட்டியிருந்தது. அவன் நீட்டிய சீட்டை வாங்கினாள், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள், ஓரத்தைக் கிழித்தாள். முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"திரும்பி வந்ததுக்கு நன்றி, சார்" என்றாள்.